கேள்வி நேரம்: கேமரா அணைந்த வகுப்பில் ஜீயஸ்

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கிரேக்கப் புராணம் நடத்துவது பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆசிரியர்கள், பெற்றோர், நடுவே சில மாணவர்கள். எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நானும் இந்தப் பாடத்தைத் திரை வழியாக நடத்தித் தடுமாறியவள்தான், அதனால் பதில்களில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஆன்லைனில் எடுக்கிறேன். முதல் வகுப்பில் கிரேக்கக் கடவுளர்களின் வம்ச விளக்கப்படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். 34 பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கேமராவும் இல்லை. எங்கே தப்பு?
— ஓர் ஆசிரியை

அந்த விளக்கப்படத்தில்தான். கேயா, யுரேனஸ், குரோனோஸ், ரேயா, அங்கிருந்து கோடு பிரிந்து ஆறு பிள்ளைகள், கடவுளரின் அரசன் ஜீயஸிடமிருந்து எட்டுத் திசையிலும் கோடுகள். நேர் வகுப்பில் ஒவ்வொரு பெயராகப் பலகையில் எழுதிக்கொண்டே கதை சொன்னால் அது ஓரளவு நிற்கும், ஏனென்றால் எழுதுகிற கை நின்று நின்றுதான் போகும், பிள்ளைகள் முகம் சோர்ந்தால் நீங்களும் வேகத்தைக் குறைப்பீர்கள். அதையே ஒரே ஸ்லைடாகத் திரையில் போட்டால் பார்க்கிறவர்களுக்கு அது ரயில் பாதை வரைபடம். கி.மு. 700 வாக்கில் ஹெசியட் என்ற கவிஞர் இந்த வம்சக் கதையை ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் பாடினார். பெயர்கள் வண்டி வண்டியாக வரும், வாஸ்தவம்தான். ஆனால் நடுவில், பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கும் அப்பாவும், கடைசிப் பிள்ளைக்குப் பதிலாகத் துணியில் சுற்றிய கல்லை நீட்டும் அம்மாவும் இருக்கிறார்கள். அந்தக் கல்லை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் காட்டினால் யார் பேசுவார்கள்?

நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு ஜாடியோடு தொடங்குகிறேன். எக்ஸேகியாஸ் என்ற ஏதென்ஸ் கலைஞர் கி.மு. 540–530 வாக்கில் செய்து வரைந்தது, இன்று வாடிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு போர்வீரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் இருக்கும் சின்ன மேடை மீது குனிந்து விளையாடுகிறார்கள். படத்தை ஸ்கிரீன் ஷேர் செய்துவிட்டு, 'என்ன தெரிகிறதோ சாட்டில் எழுதுங்கள், தப்பு சரி எதுவும் கிடையாது' என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு அந்த மூன்று நிமிடம் மூன்று யுகம். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடித் திறந்து மூடித்தான் சமாளித்தேன்.

முதலில் 'ரெண்டு பேர் கேம் ஆடுறாங்க' என்று வரும். அப்புறம் 'ஈட்டியைக் கீழே வைக்கவே இல்ல'. அப்புறம் 'இடது பக்கம் இருக்கிறவர் ஹெல்மெட் போட்டிருக்கார், மற்றவர் கழற்றி கேடயத்து மேல வச்சிருக்கார்'. என் வகுப்பில் இரண்டு வாரமாக ஒரு எழுத்துக்கூடத் தட்டாத ஒரு பையன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'வாயிலிருந்து எழுத்து வருது மிஸ்' என்று எழுதினான். வரத்தான் செய்கிறது. ஒருவர் வாயருகே 'நான்கு', இன்னொருவர் வாயருகே 'மூன்று' என்று கிரேக்க எழுத்தில் இருக்கிறது. பகடை எண். நான்கு சொன்னவர் அக்கிலிஸ், மூன்று சொன்னவர் ஏஜாக்ஸ், இருவரும் டிராய் போரின் கிரேக்க வீரர்கள், பெயர்களும் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கிறவர்களுக்கு இந்த எழுத்தும் மேலங்கியின் நுண்ணிய பூவேலையும் இவ்வளவு நெருக்கத்தில் கிடைக்காது. திரை வழி வகுப்புக்கு ஏதாவது ஒரு லாபம் உண்டென்றால் அது இதுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த விளையாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் எந்தக் கிரேக்கக் காவியத்திலும் ஒரு வரி இல்லை. அதனால் யாரும் தேடிப் பார்த்து 'சரியான விடை'யை ஒட்ட முடியாது. போர் நடக்கும்போது ஏன் விளையாடுகிறார்கள், வெளியே என்ன சத்தம் கேட்டிருக்கும், யார் முதலில் எழுந்திருப்பார் என்று அவர்களே கதை கட்டட்டும். வம்சாவளி எங்கேயும் ஓடிப்போகாது. ஏஜாக்ஸ் யார் என்று அவர்களாகக் கேட்கும் நாளில் அதைக் காட்டலாம்.

நான் பெர்செபோனி கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி, 'மிஸ், நெட்ல வேற மாதிரி போட்டிருக்கு' என்று சாட்டில் லிங்க் போட்டுவிட்டாள். எல்லார் முன்னாலும் அசடு வழிந்தேன். எது சரியான கதை?
— பெயர் வேண்டாம்

அந்த மாணவிக்கு நன்றி சொல்லுங்கள், உங்கள் அடுத்த வகுப்பை அவளே தயார் செய்து கொடுத்துவிட்டாள்.

விளைச்சல் தேவி டிமீட்டரின் மகள் பெர்செபோனியைப் பாதாள அரசன் ஹேடீஸ் கடத்திப் போகிறான், அங்கே அவள் மாதுளை தின்றுவிடுகிறாள், அதனால் ஆண்டில் ஒரு பகுதி அங்கேயே இருக்க வேண்டியதாகிறது. இதுவரை சண்டையில்லை. எத்தனை விதை என்று கேட்டால்தான் வில்லங்கம். ஹோமரின் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடலில் ஒரே விதை, அதுவும் ஹேடீஸ் நைசாக ஊட்டிவிடுவது, பாதாளத்தில் இருக்க வேண்டியது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. பல நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவிஞர் ஓவிட் 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தில் ஏழு விதை என்கிறார், அவளே பறித்துத் தின்கிறாள், ஆறு மாதம் கீழே, ஆறு மாதம் மேலே. அதே ஓவிட் இன்னொரு நூலில் மூன்று விதை என்கிறார். ஒரே ஆள், இரண்டு கணக்கு!

கிரேக்கப் புராணத்துக்கு மூலப்பிரதி என்று ஒன்று கிடையாது. இதை முதல் வாரத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள். அவனுடைய ஒரே பலவீனமான இடம் என்று சொல்லப்படும் 'அக்கிலிஸின் குதிகால்', டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பதில் அவனைக் குழந்தையாகப் பாதாள ஆற்றில் முக்கியெடுத்த கதையை முதலில் சொல்பவர் ஸ்டேஷியஸ், கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர். டிராய் நகரைப் பிடிக்கக் கிரேக்கர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையும் இலியட்டில் இல்லை, 15,693 வரி ஓடி டிராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு அது முடிந்துவிடுகிறது. குதிரை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் நினைவுகூரலாக வருகிறது, விரிவாகக் கேட்க ரோமானியக் கவிஞர் வர்ஜிலிடம் போக வேண்டும்.

இதை நான் பிரேக்அவுட் ரூமில் செய்கிறேன். பாதிப் பேருக்குத் துதிப்பாடலின் மாதுளைப் பகுதி, பாதிப் பேருக்கு ஓவிட்டின் பகுதி, ஆளுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு குழுவிடம் இருப்பது இன்னொரு குழுவுக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கதையைச் சொல்லச் சொல்வேன். 'ஏய், அவன் ஊட்டினான்டா' 'இல்ல, அவளாத்தான் சாப்பிட்டா' என்று மியூட்டை எடுத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஊட்டினானா, தின்றாளா என்பதில் எவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று பதினான்கு வயதுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பண்டோராவின் பெட்டியில் கடைசியாக மிஞ்சியது என்ன?
— பத்தாம் வகுப்பு மாணவன்

முதலில், பண்டோரா என்ற பெண் திறந்து தீமைகளை உலகில் பறக்கவிட்ட அது பெட்டியே இல்லை, தாழி. ஹெசியட் சொல்வது 'பித்தோஸ்', தானியமும் எண்ணெயும் போட்டு வைக்கும் பெரிய மண் தாழி, கையில் தூக்கிக்கொண்டெல்லாம் நடக்க முடியாது. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் கதையை லத்தீனில் சொல்லும்போது அதைச் சிமிழாக்கிவிட்டார், அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பெட்டி.

மிஞ்சியது நம்பிக்கை. இனி கேள்வியை உங்கள் ஆசிரியரிடம் திருப்பிப் போடுங்கள்: தாழிக்குள் இருந்ததெல்லாம் தீமை என்றால் நம்பிக்கை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? அது உள்ளேயே மாட்டிக்கொண்டது மனிதர்களுக்கு நல்லதா, கெட்டதா? அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் வகுப்பும் அடித்துக்கொள்ளட்டும்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. அடுத்த அறையிலிருந்து வகுப்பு காதில் விழுகிறது. கடத்தல், பலாத்காரம், பிள்ளைக்கொலை, தற்கொலை. பாடம் என்ற பெயரில் இதெல்லாம் தேவையா? கூடவே அவளுடைய எட்டு வயதுத் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.
— ஒரு தந்தை

உங்கள் கேள்வியில் இரண்டு இருக்கிறது. தம்பியைப் பற்றியது எளிது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இயர்போன். தமாஷுக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் எந்த வகுப்பில் என்ன வரப்போகிறது என்று முந்தின நாளே ஒரு வரி அனுப்பிவிட்டால், வீட்டில் யார் எங்கே உட்காருவது என்று நீங்கள் ஏற்பாடு செய்துகொள்வீர்கள். பள்ளிக்கூட அறைக்குக் கதவு உண்டு, திரை வகுப்புக்கு இல்லை என்பதை நாங்கள் ஆசிரியர்கள் பலமுறை மறந்துவிடுகிறோம். நானும் மறந்திருக்கிறேன், ஒரு பாட்டி வந்து 'என்னம்மா கதை இது' என்று திரையில் எட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பெரிய கேள்விக்கு வருகிறேன். தேவைதான் என்று நினைக்கிறேன், ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்காகச் சுத்தம் செய்த பழைய புத்தகங்களில் 'ஜீயஸ் அவள் மேல் காதல் கொண்டார்' என்று வரும். கதையைத் திறந்து பார்த்தால் அங்கே காதலே இருக்காது, ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். அதைக் காதல் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குக் கெடுதலாகப் படுகிறது. கடத்தல் என்றால் கடத்தல் என்றே சொல்ல வேண்டும், அதற்கு மேல் வர்ணனை வேண்டாம்.

பாம்புக் கூந்தல்காரி மெடூசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெசியட்டில் அவள் மூன்று கோர்கன் சகோதரிகளில் சாகக்கூடிய ஒருத்தி, கடல் தேவன் அவளோடு புல்வெளியில் கூடினான், அவ்வளவுதான், தண்டனை என்ற பேச்சே இல்லை. ஓவிட்டில் அவள் அழகான பெண், கோயிலுக்குள் வைத்துக் கடல் தேவன் அவளைப் பலவந்தப்படுத்துகிறான், தேவி கோபித்துத் தண்டிப்பது அவளை. கூந்தல் பாம்பாகிறது. இதை ஓவிட் யார் வாயால் சொல்ல வைக்கிறார் தெரியுமா? பெர்சியஸ் வாயால். அவள் தலையை வெட்டியவன், தன் கல்யாண விருந்தில், ஒரு விருந்தாளி கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறான். இதை நான் சொன்னவுடனே ஒரு மாணவி கேட்டாள்: 'அப்போ அவ சைடு கதையை யார் சொல்றது?' உங்கள் மகளும் இந்தக் கேள்வியைக் கேட்கிற வயதில்தான் இருக்கிறாள். கேட்க விடுங்கள்.

ஆசிரியர்கள் செய்யக்கூடாதவையும் உண்டு. இப்படிப்பட்ட கதைக்கு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கக்கூடாது, அந்த 34 கட்டங்களுக்குப் பின்னால் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கு ரெக்கார்டிங் வேண்டாம். விலகிப் போக நினைக்கிறவர்களுக்கு அதே பாடத்தில் வேறு கதை தயாராக இருக்கட்டும், காரணம் கேட்க வேண்டாம். ஏஜாக்ஸின் முடிவு, அதாவது அவன் தற்கொலை, இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய இடம். அதே எக்ஸேகியாஸ் இன்னொரு ஜாடியில், ஏஜாக்ஸ் தன்னந்தனியாகக் குனிந்து வாளைத் தரையில் நட்டு மண்ணை அணைப்பதை வரைந்திருக்கிறார். அபாரமான படம். ஆனால் முகம் தெரியாத வகுப்பில் அதை நான் காட்டுவதில்லை. நேரில் பார்க்கும்போது காட்டிக்கொள்ளலாம்.

கேமரா போட்டே ஆக வேண்டுமா?
— கேமரா போடாதவள்

ஹேடீஸிடம் ஒரு தலைக்கவசம் உண்டு, போட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. பெர்சியஸ் அதைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் தப்பித்தான். நீயும் போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவன் அதைப் போட்டுக்கொண்டு தூங்கவில்லை.

ஹெராக்கிள்ஸின் பன்னிரண்டு சாகசங்களைப் பற்றிக் கட்டுரை கேட்டேன். இருபது பேர் அனுப்பியது ஏஐ எழுதியது, பார்த்தாலே தெரிகிறது. என்ன செய்ய?
— ஓர் ஆசிரியர்

அந்தக் கேள்வியைக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பன்னிரண்டையும் வரிசையாக எழுது என்றால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? முன்பு கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதினார்கள், இப்போது இது. கோபப்படுகிற நேரத்தில் கேள்வியை மாற்றுங்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், இதை அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம். அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய தொகுப்பின்படி ஹெராக்கிள்ஸுக்கு முதலில் கொடுத்த வேலை பத்துதான். யூரிஸ்தியஸ் ராஜா அதில் இரண்டைச் செல்லாது என்று தள்ளிவிட்டான். பல தலைப் பாம்பு ஹைட்ராவைக் கொன்றது செல்லாது, ஏனென்றால் சகோதரன் மகன் அயோலாஸ் கூட இருந்து தீப்பந்தத்தால் கழுத்தைச் சுட்டு உதவினான். ஆஜியஸின் தொழுவத்தைக் கழுவியது செல்லாது, கூலி பேசிச் செய்தான். அதனால்தான் இன்னும் இரண்டு சேர்ந்து பன்னிரண்டு. ஆக, 'அடுத்தவர் உதவியோடு செய்த வீட்டுப்பாடம் கணக்கில் வருமா?' என்ற விவாதம் மூவாயிரம் ஆண்டுப் பழசு இல்லாவிட்டாலும் இரண்டாயிரம் ஆண்டாவது ஆகிறது! யூரிஸ்தியஸ் செய்தது நியாயமா என்று கேளுங்கள், உங்கள் இருபது பேரும் ஆவேசமாகப் பதில் சொல்வார்கள், சொந்தப் பதில். ஏனென்றால் இது அவர்கள் வழக்கு.

இன்னொன்று, படத்தை வைத்துக் கேளுங்கள். ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலுக்குக் கி.மு. 460 வாக்கில் பன்னிரண்டு சாகசங்களையும் பன்னிரண்டு பளிங்குப் பலகைகளில் செதுக்கினார்கள். முதல் பலகையில், சிங்கத்தைக் கொன்ற ஹெராக்கிள்ஸ் வெற்றிக் களிப்பில் எல்லாம் இல்லை. மீசை முளைக்காத பையன், செத்த சிங்கத்தின் மேல் ஒரு காலை வைத்து, கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு களைத்துப்போய் நிற்கிறான். இன்னொன்றில் அட்லஸுக்குப் பதிலாக வானத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், தோளில் ஒரு மெத்தை மடித்து வைத்திருக்கிறான், பின்னால் அதீனா தேவி ஒரே கையால், சும்மா திரைச்சீலையைத் தாங்குகிற மாதிரி, வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். 'இந்த மெத்தையைச் சிற்பி எதற்காக வைத்தார்?' என்று கேட்டு, பதிலை இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறி, 'வந்து... அது என்னன்னா...' என்று வரும் குரல்களைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பன்னிரண்டும் மனப்பாடமாகத் தெரியாவிட்டால் குடி முழுகிப்போகாது.

என் மாணவர்களில் பாதிப் பேருக்கு வீடியோ ஓடுகிற அளவுக்கு நெட் இல்லை. போன் மட்டும்தான். இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா?
— ஆசிரியர்

வேறு எந்தப் பாடத்தை விட்டாலும் இதை விடாதீர்கள், இது காதால் கேட்கத்தான் பிறந்தது. இலியட்டும் ஒடிசியும் எழுத்தில் ஏறுவதற்கு முன் வாய்மொழிப் பாடகர்களின் மரபில் உருவானவை. 'ரோஜா விரல் விடியல்' என்று விடியல் வரும்போதெல்லாம் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதும் அதனால்தான், பாடுகிறவருக்கு அது மூச்சு வாங்க இடம், கேட்கிறவருக்கு வழிக்கல். 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுத்தறியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிகளைப் பாடப் பாடவே கட்டுவதை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்து, ஹோமரின் பாணியும் இப்படி வந்ததுதான் என்று காட்டினார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. எட்டு நிமிட ஆடியோ, உங்கள் குரலில், பின்னணி இசை எதுவும் வேண்டாம். மெசேஜில் போய்ச் சேர்ந்துவிடும், இரவில் நெட் வேகமாக இருக்கும்போது இறக்கிக்கொள்வார்கள். கூடவே சுருக்கிய ஒரே ஒரு படம். நேரலையை வாரம் ஒரு முறை வைத்துக்கொண்டால் போதும், அதுவும் பேசுவதற்கு மட்டும். கதை சொல்ல நேரலையைச் செலவழிப்பது வீண்.

குழுவாகச் செய்ய ஏதாவது புராஜெக்ட்?
— புதிதாகச் சேர்ந்த ஆசிரியை

ஃப்ளோரன்ஸில் இருக்கும் பிரான்சுவா ஜாடி. எர்கோடிமோஸ் வனைந்து கிளெய்டியாஸ் வரைந்தது, கி.மு. 570 வாக்கு. ஒரே ஜாடியில் அடுக்கடுக்காக 270 உருவங்கள், 121 இடத்தில் எழுத்துப் பொறிப்புகள். பன்றி வேட்டைக் காட்சியில் நாய்களுக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறது. 1900-இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் ஆத்திரத்தில் முக்காலியைத் தூக்கி எறிந்து அதை 638 துண்டாக உடைத்துவிட்டார், பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று அனுப்பிவிடுங்கள். உங்கள் துண்டில் இருப்பவர் யார், எந்தக் கதை, உங்கள் பக்கத்துத் துண்டு யாரிடம் இருக்கிறது? கடைசிக் கேள்விக்காகவே அவர்கள் வகுப்பு முடிந்த பிறகும் ஒருவரை ஒருவர் தேடிப் பேசுவார்கள். தனித்தனி அறையில் அடைந்து கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தேடல் நல்லது.

இலவசமாக நம்பிப் பயன்படுத்த எங்கே போகலாம்?
— பலர்

மூல நூல்களுக்கு அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பெர்சியஸ் டிஜிட்டல் லைப்ரரி, கிரேக்கமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கும், முகப்பு பழசாக இருக்கும், பயப்படாதீர்கள். எந்தக் கடவுள் எந்த நூலில் எப்படி வருகிறார் என்று மேற்கோளோடு பார்க்க தியோய் தளம். படங்களுக்கு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், காப்புரிமை தீர்ந்த தன் கலைப்பொருள்களின் படங்களை 2017 முதல் தடையின்றி எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டிருக்கிறது. தேடுபொறியில் கிடைத்த முதல் படத்தை எடுத்துப் போடாதீர்கள், பாதி இப்போது இயந்திரம் வரைந்தது, ஜீயஸுக்கு ஆறு விரல் இருக்கும்.

சினிமா, கேம் பார்த்துவிட்டு வந்து கிராக்கனைப் பற்றிக் கேட்கிறார்கள்...
— ஆசிரியை

கிராக்கன் என்ற கடல் அரக்கன் வட கடல் பக்கத்து நார்வே ஆசாமி, கிரேக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் கேட்பவரை மட்டம் தட்டாதீர்கள். ஓவிட் செய்ததும் அங்கே இங்கே எடுத்துச் சேர்த்ததுதானே!

கிரேக்கர்கள் இதையெல்லாம் நிஜமாகவே நம்பினார்களா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி

வழிபட்டார்கள். 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக்கலைஞர் லீனியர் பி என்ற பழைய எழுத்தைப் படித்துக் காட்டினார். அந்தக் களிமண் பலகைகள் ஹோமருக்குப் பல நூறு ஆண்டு முந்தியவை, அவற்றிலேயே ஜீயஸ், பொசைடன் பெயர்கள் இருக்கின்றன, யாருக்கு எவ்வளவு காணிக்கை என்ற கணக்கு. கதைகளை எல்லாரும் அப்படியே நம்பினார்களா என்றால், கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே செனோபனிஸ் என்றொரு கவிஞர், திருட்டும் ஏமாற்றும் கள்ள உறவுமாகக் கடவுளரைக் காட்டிவிட்டார்கள் என்று ஹோமரையும் ஹெசியட்டையும் போட்டு வாங்கினார். குதிரைகளுக்குக் கை இருந்தால் குதிரை மாதிரிதான் கடவுளை வரையும் என்பதும் அவர் சொன்னதுதான். உன் மாதிரி கேட்கிறவர்கள் அப்போதே இருந்தார்கள்.

இதைப் படித்து என்ன பிரயோஜனம் மிஸ்?
— கணக்கு மட்டும் பிடிக்கும் மாணவன்

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை 1610-இல் கலிலியோ பார்த்தார். அயோ, யுரோப்பா, கனிமீட், கலிஸ்டோ என்று பெயர், நால்வருமே ஜீயஸ் துரத்தியவர்கள் அல்லது தூக்கிப் போனவர்கள். வியாழன் என்பது ரோமானியர்களுக்கு ஜூபிடர், அதாவது ஜீயஸ். 2011-இல் நாசா அங்கே ஒரு விண்கலம் அனுப்பியது. பெயர் ஜூனோ, ஜூபிடரின் பெண்டாட்டி. ஐந்து வருஷம் பயணம் செய்து 2016-இல் போய்ச் சேர்ந்து, மேகத்துக்கு அடியில் இவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தாள். பிரயோஜனம் என்னவோ தெரியாது, ஜோக் புரியும்.

இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கால் கட்டாகிவிடுகிறது. பாதிக் கதையில் நிற்கிறோம். என்ன செய்வது?
— ஆசிரியை

கட்டாகிற இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒடிசியின் ஒன்பதாம் பகுதியை நான் நடத்துவது எப்போதும் இரண்டு வகுப்பாக. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் குகை வாசலைப் பாறையால் அடைத்துவிட்டான், ஒடிசியஸின் ஆட்களை இரண்டிரண்டு பேராகத் தின்கிறான், மதுவை நீட்டிய ஒடிசியஸிடம் 'உன் பெயர் என்ன?' என்று கேட்கிறான். அங்கே வெட்டு. மறு வகுப்பில் பதில்: 'என் பெயர் யாருமில்லை.' தூங்கும்போது கண்ணைக் குத்திவிடுகிறார்கள், அரக்கன் அலறுகிறான், அக்கம்பக்கத்து அரக்கர்கள் ஓடிவந்து 'யார் உன்னை என்ன செய்தது?' என்று வெளியிலிருந்து கேட்க, 'யாருமில்லை என்னைக் கொல்கிறான்' என்கிறான். சரி, யாருமில்லையாம் என்று அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இதை நடத்திய மறுநாள் வகுப்புக்குள் போனால் திரையில் ஒன்பது பேர் தங்கள் பெயரை 'யாருமில்லை' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். யாரோ மியூட் போடாமல் விசில் அடிக்கிறார்கள். 'யார் அது?' என்று கேட்டேன், கேட்டிருக்கக்கூடாது. வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு ஒன்பது பேருக்கு என்ன போடுவது என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, 'ஏன், யாரும் வரலையா?' என்றார்கள்.